தென் அமெரிக்கப் புல்வெளிப் பண்ணைகளில் விடுமுறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அர்ஜென்டினா, உருகுவே, தென் பிரேசில் ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்து கிடக்கும் பாம்பா புல்வெளியில், எஸ்தான்சியா எனப்படும் கால்நடைப் பண்ணைகளில் தங்கி விடுமுறையைக் கழிப்பது பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: புவெனஸ் ஐரிஸிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒரு நாள் பண்ணைச் சுற்றுலாவிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் பண்ணையில் இரவு தங்க வேண்டிய தேவை என்ன?

பதில்: ஒரு நாள் சுற்றுலாவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியும் என்பது சரியன்று. அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்கு வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சான் அந்தோனியோ தெ அரேக்கோ என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இத்தகைய சுற்றுலாக்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கின்றன. முற்பகலில் போய்ச் சேர்ந்ததும், மாவுக்குள் பூரணம் வைத்துச் செய்யும் எம்பனாடா தருவார்கள்; பிறகு சிறிது நேரம் குதிரைச் சவாரியோ வண்டிப் பயணமோ இருக்கும்; நண்பகலில் தணலில் வாட்டிய இறைச்சி விருந்து; அதன்பின் கிதார் இசையும், மலாம்போ என்னும் காலடி நடனமும்; பல இடங்களில் வளையப் பந்தயமும் உண்டு. அந்தப் பந்தயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு கம்பங்களுக்கு மேலே கட்டிய குறுக்குச் சட்டத்திலிருந்து, விரலில் அணியும் மோதிரத்தைவிடச் சற்றே பெரியதான ஒரு வளையம் தொங்கும். கௌச்சோ எனப்படும் குதிரை வீரர் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று, முழு வேகத்தில் குதிரையை விரட்டி வந்து, பென்சில் அளவே உள்ள சிறு குச்சியால் அந்த வளையத்தைக் கோத்து எடுத்துச் செல்ல வேண்டும். விருந்தினர்களுக்காக நடத்தப்படுவதுதான் என்றாலும், அதில் வெளிப்படும் திறமை அசலானது.

இருந்தாலும், விருந்தினர் வண்டி வந்து சேர்வதற்குள் பண்ணையின் உண்மையான வேலையில் பாதி முடிந்திருக்கும். விடிவதற்கு முன்பே பணியாளர்கள் அடுப்படியில் கூடி மாத்தே என்னும் மூலிகைப் பானத்தைப் பகிர்ந்து குடித்துவிட்டு, மேய்ச்சலில் இருக்கும் குதிரைகளை ஓட்டி வந்து சேணம் பூட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு மேய்ச்சல் நிலமாகச் சென்று மாடுகளை எண்ணி, ஈன்ற பசுவோ நொண்டும் கன்றோ இருந்தால் தனியே பிரித்து, கம்பிவேலி அறுந்திருக்கிறதா, காற்றாலை தண்ணீரை இறைக்கிறதா, தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து வருவார்கள். வெயில் ஏறியதும் வேலை நின்றுவிடும். பிற்பகல் உறக்கத்துக்குப் பிறகுதான் மீண்டும் தொடங்கும். இரவு தங்குபவர்களுக்குத்தான் இந்தக் காலைநேரம் கிடைக்கும். புல்வெளி வாழ்க்கையைப் பார்க்க வருபவருக்கு இதைவிட மேலானதொரு காட்சி இல்லை என்பதே எனது உறுதியான கருத்து.

ஆகவே குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். முதல் நாள் இடம் பழகுவதிலும் பயணக் களைப்பிலுமே போய்விடும். பணியாளர்களுக்கும் உங்கள் முகம் பழக வேண்டும். எஸ்தான்சியா என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் இடங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதையும் கவனியுங்கள். சிலவற்றில் நிலம் எப்போதோ விற்கப்பட்டு, பழைய மாளிகையும் அதைச் சூழ்ந்த பூங்காவும் மட்டும் ஆடம்பர விடுதியாக மிஞ்சியிருக்கும். வேறு சிலவற்றில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலத்தில் மாடும் ஆடும் மேய, குடும்பத்தினரே நாலைந்து அறைகளை விருந்தினர்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். முன்பதிவு செய்யும் முன் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போது எத்தனை மாடுகள் இருக்கின்றன, உரிமையாளர் அங்கேயே வசிக்கிறாரா, விருந்தினர்கள் பணியாளர்களோடு சேர்ந்து மாடு ஓட்டச் செல்லலாமா அல்லது தனியாகத்தான் சவாரி செய்ய வேண்டுமா. பதில் வரும் விதத்திலிருந்தே அது எந்த வகைப் பண்ணை என்பது விளங்கிவிடும்.

கேள்வி: மூன்று நாடுகளில் எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது? பத்து நாள் விடுப்பு இருக்கிறது.

பதில்: ஒரே நாடுதான் என்றால் நான் உருகுவேயைச் சொல்வேன். ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் மாடுகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டும். அதன் மிக உயரமான குன்றே 514 மீட்டர்தான். நிலம் முழுவதும் மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால், முதன்முறை குதிரை ஏறுபவர்களுக்கும் அஞ்சாமல் செல்லக்கூடிய நாடு அது. தலைநகர் மொண்டேவீடியோவிலிருந்து வடக்கே சுமார் 390 கிலோமீட்டர் சென்றால் வரும் தாக்குவரெம்போ நகரைச் சுற்றிய பகுதி இதற்கு மிகப் பொருத்தமானது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் தலைநகருக்கு அருகில் உள்ள ஃபுளோரிடா மாவட்டத்தில் தங்கலாம்.

உருகுவேயின் பண்ணைகளில் பழமையும் புதுமையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைக் காண, மாடுகளை ஒவ்வொன்றாக நடத்திச் செல்லும் மரச் சட்டமிட்ட குறுகிய பாதையின் அருகில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். 2006 முதல் அங்கே பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் மின்னணுக் காதுப் பட்டை கட்டாயம். ஒரு காதில் எண் தெரியும் மஞ்சள் பட்டையும், மறு காதில் பொத்தான் போன்ற வட்டப் பட்டையும் இருக்கும். ஆட்டுத்தோல் விரித்த சேணத்திலிருந்து இறங்கி வரும் முதியவர், ஒரு கோலை அந்தப் பொத்தானுக்கு அருகில் நீட்டியதும், அந்த மாட்டுக்குரிய எண் கருவியில் பதிவாகிவிடும். அது பிறந்த இடம் முதல் இறைச்சிக் கூடம் வரை ஒவ்வோர் அசைவும் அரசின் பதிவேட்டில் இருக்கும்.

நேரம் மிஞ்சினால், உருகுவே ஆற்றங்கரையில் உள்ள ஃபிரே பென்டோஸ் நகரின் பழைய இறைச்சித் தொழிற்சாலையையும் பார்த்துவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் நிறுவனம் இறைச்சிச் சாறு தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய இடம் அது. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தப் புல்வெளியின் செல்வம் எங்கே போனது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

அர்ஜென்டினாவில் விருந்தோம்பலுக்கும் வசதிக்கும் அரேக்கோ சிறந்தது. காட்டுயிர்களைக் காண வேண்டுமானால் வடகிழக்கே கொரியெந்தெஸ் மாகாணத்தின் இபேரா சதுப்பு நிலத்துக்குச் செல்ல வேண்டும். பழைய மாட்டுப் பண்ணைகள் சிலவற்றின் நிலங்கள் வாங்கப்பட்டு, மாடுகள் அகற்றப்பட்டு, காட்டுக்கே திருப்பித் தரப்பட்ட இடம் அது. 2018இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த மாகாணத்தில் பல பத்தாண்டுகளாக அற்றுப்போயிருந்த ஜாகுவார் சிறுத்தைகள் 2021 தொடக்கத்தில் மீண்டும் காட்டில் விடப்பட்டன. கப்பிபாரா என்னும் பெரிய கொறிவிலங்கு, கெய்மன் முதலை, சதுப்பு மான் ஆகியவற்றைப் படகில் இருந்தபடியே மிக அருகில் காணலாம். ஆனால் மெர்செதெஸ் நகரிலிருந்து கொலோனியா கார்லோஸ் பெல்லெக்ரினி கிராமத்துக்குச் செல்லும் சுமார் 120 கிலோமீட்டர் பாதையில் பெரும்பகுதி மண் சாலை. மழை பெய்தால் சாதாரணக் காரில் போக முயலாதீர்கள்.

பிரேசிலின் ரியோ கிராந்தே தோ சுல் மாநிலத்தில் கம்பாரா தோ சுல் ஊரைச் சுற்றிய மேட்டுநிலப் புல்வெளிகள் வேறொரு அழகு உடையவை. புல்வெளி திடீரென்று அறுந்து, இத்தயிம்பேசிஞ்ஞோ பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளாக விழும். குளிர்காலத்தில் அங்கே நல்ல குளிர் இருக்கும். சில ஆண்டுகளில் பனியும் பெய்வதுண்டு. பத்து நாளில் மூன்று நாடுகளையும் சுற்ற முயன்றால் பேருந்திலும் படகிலுமே பாதி விடுப்பு தீர்ந்துவிடும். புவெனஸ் ஐரிஸிலிருந்து விரைவுப் படகில் ஒன்றேகால் மணி நேரத்தில் உருகுவேயின் கொலோனியா நகரை அடையலாம் என்பதால் இந்த இரண்டு நாடுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பவும் அர்ஜென்டினா வழியே வருவதாக இருந்தால், உங்கள் விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கிறதா என்பதைத் தூதரகத்தில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது?

பதில்: அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அக்டோபர், நவம்பர் மாதங்களும், மார்ச், ஏப்ரல் மாதங்களும் சவாரிக்கு ஏற்றவை. வசந்தத்தில் சென்றால் கன்றுகளையும், ஊர் ஊராக வரும் குழுவினர் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிப்பதையும் காணலாம். மார்ச்சில் தாக்குவரெம்போவில் பாத்ரியா கௌச்சா திருவிழாவும், நவம்பர் 10ஐ ஒட்டி அரேக்கோவில் மரபு விழாவும், செப்டம்பர் 20ஐ ஒட்டி ரியோ கிராந்தே தோ சுல்லில் ஃபரோபில்யா வாரமும் நடைபெறும். அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

கோடை நண்பகலில் வெயில் 30 பாகையைத் தாண்டும். அப்போது பண்ணையின் வட்டமான பெரிய தண்ணீர்த் தொட்டியில் குளிப்பதுதான் அங்குள்ள குழந்தைகளுக்கு வழக்கம், விருந்தினர்களும் இறங்கலாம். தென்மேற்கிலிருந்து பாம்பேரோ என்னும் குளிர்காற்று எந்தப் பருவத்திலும் திடீரென்று வீசும். ஒரே பிற்பகலில் வெப்பநிலை வெகுவாக இறங்கிவிடும். எனவே கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தைந்து வயது. குதிரையில் ஏறியதே இல்லை. என்னால் முடியுமா?

பதில்: முடியும், உங்கள் நிலையை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டால் மிக நன்றாகவே முடியும். அங்கே பயன்படும் கிரியோய்யோ இனக் குதிரை உயரத்தில் நடுத்தரமானது, உறுதியானது, பெரும்பாலும் அமைதியானது. அதன் தாங்குதிறனைக் காட்ட ஒரு வரலாறு போதும்: மாஞ்சா, கத்தோ என்ற இரண்டு கிரியோய்யோ குதிரைகளோடு எமே சிஃபெலி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1925இல் புவெனஸ் ஐரிஸிலிருந்து புறப்பட்டு, ஆண்டஸ் மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து, 1928இல் நியூயார்க்கை அடைந்தார். புறப்பட்டபோது அந்தக் குதிரைகள் இளமையானவையும் அல்ல. பதினைந்து வயதைத் தாண்டியவை.

சேணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். விரிப்பு, தோல், அதன் மேல் அடர்ந்த ஆட்டுத்தோல் என்று அடுக்கடுக்காக விரித்துக் கட்டுவார்கள். அது மெத்தென்று இருக்கும், நீண்ட நேரம் உட்கார ஏற்றது. கடிவாளத்தை ஒரே கையில் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால், வார் கழுத்தில் உரசுவதை உணர்ந்து குதிரை திரும்பும். வாயைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடல் எடையையும் முதுகுவலி, மூட்டுவலி போன்றவற்றையும் முன்பே தெரிவியுங்கள். அதற்கேற்ற குதிரையைத் தருவார்கள். பல பண்ணைகளில் பணியாளர்கள் வட்டத் தொப்பியோடுதான் சவாரி செய்வார்கள், தலைக்கவசம் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே உங்களுக்குரியதை நீங்களே கொண்டுபோவது நல்லது. உங்கள் பயணக் காப்பீடு குதிரைச் சவாரியை உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். பல திட்டங்கள் அதை விலக்கி வைத்திருக்கும்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நடை மட்டும் போதும். மற்றவர்கள் ஓட்டம் எடுத்தாலும் நீங்கள் நடையிலேயே இருக்க விரும்புகிறீர்கள் என்று உடன் வருபவரிடம் புறப்படும் முன்பே சொல்லுங்கள், ஏனெனில் கூட்டத்தில் ஒரு குதிரை ஓடினால் மற்றவையும் ஓட விரும்பும்.

கேள்வி: நான் சைவ உணவு உண்பவள். மாட்டுப் பண்ணையில் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கவனம் தேவை. தணலில் உருக்கிய புரோவொலேத்தா பாலாடைக்கட்டி, வாட்டிய குடைமிளகாய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, சோளத்தை அரைத்துச் செய்யும் உமித்தா, கீரையும் முட்டையும் வைத்த பாஸ்குவலீனா, உருளைக்கிழங்கு நியோக்கி, சாலட், ரொட்டி, பழம், சர்க்கரை சேர்த்துப் பாலைச் சுண்டக் காய்ச்சிய துல்சே தெ லேச்சே ஆகியவை எங்கும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கொழுப்பை. எம்பனாடாவின் உள்ளே சோளமும் பாலாடைக்கட்டியும் மட்டுமே இருந்தாலும், மேல்மாவை மாட்டுக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்திருப்பார்கள். மழை நாட்களில் பொரித்துத் தரும் தோர்த்தா ஃப்ரீத்தா என்ற பொரித்த ரொட்டியும் பெரும்பாலும் அதே கொழுப்பில் பொரிக்கப்படுவது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியையோ பன்றித் தொடைத் துண்டுகளையோ கொண்டுவந்து வைக்கக்கூடும். ஆகவே மாடு, ஆடு, பன்றி, கோழி, மீன், விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று ஸ்பானிய மொழியில் எழுதி, முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். பண்ணைக்குப் பொருள் வாங்க வாரத்துக்கு ஒரு முறையே நகரத்துக்குச் செல்வார்கள்; போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல் செய்பவர் சங்கடப்படுவார். தனி வாட்டுக் கம்பியில் காய்கறியை வாட்டித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

கேள்வி: மாத்தே கொடுத்தால் மறுக்கலாமா?

பதில்: ஒரு முறையாவது வாங்கிக் குடியுங்கள். ஒரே சுரைக் குடுவை, ஒரே உலோகக் குழல். வெந்நீர் ஊற்றித் தருபவர் முதல் குடுவையைத் தாமே குடித்துவிட்டு வரிசையாக ஒவ்வொருவருக்கும் தருவார். குழலால் கிளற வேண்டாம். முழுவதும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று பொருளாகிவிடும். ஆகவே போதும் என்று தோன்றும்போது மட்டும் அதைச் சொல்லுங்கள். உடல்நலக் காரணத்தால் பகிர்ந்து குடிக்க இயலாதவர்கள் அதைச் சொன்னால் யாரும் மனம் வருந்த மாட்டார்கள்.

கேள்வி: மாடு வளர்ப்பு இயற்கையை அழிக்கிறது என்று படிக்கிறோம். இத்தகைய பண்ணைக்குப் பணம் கொடுத்துச் செல்வது சரிதானா?

பதில்: மிக முக்கியமான கேள்வி. அமேசான் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்குவதும், பாம்பாவில் மாடு மேய்ப்பதும் ஒன்றல்ல. பாம்பா காட்டை அழித்து உருவானதன்று. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் மாடுகளையும் குதிரைகளையும் கொண்டுவருவதற்கு முன்பிருந்தே அது புல்வெளிதான். அங்கே நூற்றுக்கணக்கான புல்வகைகள் சேர்ந்து வளர்கின்றன. அளவோடு மேய்த்தால் அந்தப் புல்லும், அதை நம்பி வாழும் பறவைகளும் நிலைத்திருக்கும். அளவு மீறி மேய்த்தால் நிலம் கெடும் என்பதும், மாடுகள் வெளியிடும் மீத்தேன் புவி வெப்பமடையக் காரணமாகிறது என்பதும் உண்மையே. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்று அந்தப் புல்வெளிக்குப் பெரிய ஆபத்து உழவிலிருந்து வருகிறது. மரபணு மாற்றப்பட்ட சோயாவுக்கு அர்ஜென்டினா 1996இல் அனுமதி அளித்த பிறகு, பல தலைமுறைகளாக உழப்படாத நிலங்களும் சோயா வயல்களாயின. உருகுவேயில் 1987ஆம் ஆண்டின் வனச் சட்டம் தந்த சலுகைகளால் யூகலிப்டஸ் தோட்டங்கள் மேய்ச்சல் நிலங்களில் பரவின. ஒரு முறை உழுத இயற்கைப் புல்வெளி பழைய நிலைக்குத் திரும்புவது மிகக் கடினம். விருந்தினர்கள் தரும் வாடகை, நிலத்தைச் சோயாவுக்குக் குத்தகைக்கு விடாமல் புல்லாகவே வைத்திருக்க ஒரு குடும்பத்துக்கு உதவுமானால், அந்தப் பணம் நல்ல வழியில் சென்றதாகவே நான் கருதுகிறேன். பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் பண்ணையாளர்களும் இணைந்து 2006இல் தொடங்கிய அலியான்சா தெல் பாஸ்திசால் என்ற கூட்டமைப்பில் பண்ணை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நிலத்தின் பெரும்பகுதியை இயற்கைப் புல்வெளியாக வைத்திருக்கும் பண்ணைகளை அது அங்கீகரிக்கிறது.

அத்தகைய பண்ணையில் ஒரு மாலை நடந்தாலே வேறுபாடு தெரியும். வேலிக் கம்பத்தின் மேல் ஓர்னேரோ பறவை மண்ணால் கட்டிய உருண்டைக் கூடு இருக்கும். தரையில் வளை தோண்டி வாழும் ஆந்தை பகலிலேயே வாசலில் நிற்கும். நியாந்து எனப்படும் பறக்காத பெரிய பறவைகள் மாடுகளுக்கிடையே மேயும். தேரோ என்னும் ஆள்காட்டி இனப் பறவை, தன் கூட்டிலிருந்து விலகிச் சென்று வேறோர் இடத்தில் நின்று கத்தி உங்களை அங்கே இழுக்கும். அது கத்தும் இடத்தில் முட்டை இருக்காது. எனவே காலடியைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்ணை வரலாற்றைக் கேட்கும்போது, அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தவர்கள் யார் என்றும் கேளுங்கள். 1878 முதல் 1885 வரை அர்ஜென்டினத் தளபதி ரோக்காவின் தலைமையில் தொடங்கி நடந்த படையெடுப்பில், தென் பாம்பாவிலிருந்தும் படகோனியாவிலிருந்தும் மப்பூச்சே, ரான்கெல், தெவெல்சே பழங்குடி மக்கள் கொல்லப்பட்டனர், விரட்டப்பட்டனர். அந்த நிலம் பெரும் பண்ணைகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மாளிகையின் சுவரில் தொங்கும் படங்களில் இது பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: பணம், உடல்நலம், பண்ணை ஒழுங்கு ஆகியவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: அர்ஜென்டினாவில் விலைவாசி அடிக்கடி மாறுவதால் பல பண்ணைகள் கட்டணத்தை அமெரிக்க டாலரில் சொல்கின்றன, அதில் உணவும் சவாரியும் அடங்குமா என்று கேளுங்கள். பதிவு பெற்ற தங்குமிடத்தில் வெளிநாட்டு அட்டையால் பணம் செலுத்தும் அயல்நாட்டவருக்கு 21 சதவீத மதிப்புக் கூட்டு வரி விலக்கு உண்டு; கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். தொலைவில் உள்ள பண்ணைகளில் அட்டைக் கருவி வேலை செய்யாத நாட்களுக்காகக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

கொரியெந்தெஸ் மாகாணத்துக்கோ தென் பிரேசிலுக்கோ செல்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். உயரமான புல்லில் யராரா என்ற நச்சுப் பாம்பு இருக்கக்கூடும் என்பதால் கணுக்காலை மூடும் காலணி அவசியம். மாலையில் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பண்ணைக் கதவுகளைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: மூடியிருந்ததை மூடிவிட்டுச் செல்லுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். மந்தையைத் தண்ணீருக்கு ஓட்டுவதற்காகத் திறந்து வைத்த கதவை நல்லெண்ணத்தில் மூடினாலும் மாடுகள் தாகத்தில் தவிக்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் இடையே நடக்காதீர்கள். வேலை நடக்கும் தொழுவத்தில் நிற்க வேண்டிய இடத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, அவர் நகரச் சொன்னால் உடனே நகர்ந்துவிடுங்கள்.